தட்டுச் சின்னம்

போனை எடுத்ததும் எல்லா அப்பாக்களும் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பார்களாம். உங்கள் அப்பா மட்டும் “மழை பெய்யுதா, பஸ் ஒழுங்கா வருதா” என்று என்னென்னவோ கேட்கிறாராம். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் இப்படிக் குறை சொன்னீர்களாம். அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் வாயால் சொல்லப் போனால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதி அனுப்புகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

அந்தக் கேள்வி என் வாயில் வராமல் போனதற்கு ஒரு மனிதர் காரணம். உங்களுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எங்கள் கேம்ப்பிலும் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்து நின்றுவிடுவார் என்று பயம். “அவரு” என்றாலே போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கத்தாரில் தோஹாவுக்கு வெளியே, மணலும் லாரித் தூசியுமான இடத்தில் எங்கள் கேம்ப். கம்பெனி அதற்குச் ‘சிட்டி’ என்று போர்டு வைத்திருந்தது. பேருக்குத் தகுந்த மாதிரி தெருக்கள், பிளாக்குகள், ஒரு மெஸ், ஒரு பள்ளிவாசல், ஒரு மளிகைக் கடை. ஆட்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தமிழர்கள். மீதிப் பேர் நேபாளம், பீகார், பங்களாதேஷ், ஆந்திரா.

அவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர். சாரம் கட்டுகிற வேலை. இரும்புக் குழாயும் கிளாம்ப்பும் அவர் கைக்குப் பழகிப்போனவை. ஆனால் கேம்ப்பில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது அந்த வேலையால் இல்லை. ஊரில் யாராவது தவறிப்போனால், அந்தச் சேதியை ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் அவர்.

யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. புது ஆள் கேம்ப்புக்கு வந்து பெட்டியை இறக்கும்போதே பக்கத்தில் போய் நிற்பார். தன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுப்பார். “இதை வீட்டுல குடுத்து வை. நல்ல சேதிக்கு இந்த நம்பர் வேணாம், அதுக்கு உனக்கே அடிப்பாங்க” என்பார். வந்தவன் முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் சீட்டை யாரும் கிழித்துப் போட்டதில்லை.

அதற்கென்றே ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். பொண்டாட்டி பிள்ளைகளோடு பேச வேறு போன். பட்டன் போன் சட்டைப் பையிலேயே இருக்கும். பஸ்ஸில் போகும்போது அது அடித்தால், பாட்டு நின்றுவிடும், சீட்டாட்டம் நின்றுவிடும். அவர் “ம்… ம்… எப்ப?” என்று கேட்பார். யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் அவரவர் வீட்டில் இருக்கும் கிழடு கட்டைகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. உயரத்தில் நிற்பவனிடம் எதையும் சொல்ல மாட்டார். சாரத்துக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். மேலே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம், யாருக்கு என்று. அவர் ஒருவனை மட்டும் விரலால் காட்டிக் கூப்பிடுவார். மற்றவர்கள் மூச்சு விடுவோம். விட்டதற்காகப் பிறகு வெட்கப்படுவோம்.

இறங்கி வந்தவனைத் தனியே கூட்டிப்போவார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். மெஸ்ஸில் என்ன கிடைத்ததோ அது. “சாப்பிட்டியா?” என்று கேட்பார். “பசிக்கலண்ணே, என்னன்னு சொல்லுங்க” என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். “நாலு வாய் சாப்பிடு, சொல்றேன்.” அவன் அழுதுகொண்டே சாப்பிடுவான். தண்ணீர் குடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். அதற்கு அப்புறம்தான் சொல்வார்.

செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார். “கிளம்பிட்டாங்கப்பா” என்பார்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார். உங்கள் தாத்தா தவறிய சேதி. மூன்று குப்பூஸ் ரொட்டியும் பருப்பும். மூன்றாவது இறங்கவில்லை. “அரையாவது சாப்பிடு” என்று பிய்த்துக் கொடுத்தார். பிறகு, “உங்கப்பா விடியறப்ப கிளம்பிட்டாருப்பா. வலியில்லாமதான்” என்றார். ஏன் இப்படிச் சாப்பிட வைத்துக் கொல்கிறீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட்டதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணும் உள்ளே போகாதுடா. பேப்பருக்கு அலையணும், ஏர்போர்ட்டுல நிக்கணும், அழணும். எல்லாத்துக்கும் வயித்துல ஏதாச்சும் இருக்கணும்ல?” என்றார்.

பேப்பருக்கு அலைவது என்றாரே, அதுதான் விஷயம். அவசர லீவுக்கு மூன்று கையெழுத்து வேண்டும். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வெல்ஃபேர் ஆபீசர் போடவேண்டும், எச்.ஆர். மேனேஜர் போடவேண்டும், புராஜெக்ட் மேனேஜர் போடவேண்டும். மூன்று பேரும் மூன்று இடத்தில். ஒருவர் இருந்தால் இன்னொருவர் மீட்டிங்கில் இருப்பார். மூன்றும் விழுந்தால்தான் டிக்கெட். நான் வந்து இறங்கியபோது தாத்தாவின் சாம்பலைக்கூட ஆற்றில் கரைத்துவிட்டார்கள். பெத்த அப்பன் சாவுக்கு வராதவன் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள் அல்லவா? எனக்குத் தெரிந்து அந்தக் கேம்ப்பிலிருந்து போய் முகம் பார்த்தவர்கள் யாருமே இல்லை. எல்லோரும் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தோம்.

இப்படி ஒரு மனிதர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மெஸ்ஸில் அவர் எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். காலையில் பாத்ரூம் வரிசையில் அவர் நின்றால், பின்னால் வருகிறவன் திரும்பிப் போய் ஐந்து நிமிஷம் கழித்து வருவான். ஒருநாள் புதிதாக வந்த ஆம்பூர்ப் பையன் ஒருவன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறானே என்று, “சாப்பிட்டியாப்பா?” என்று சும்மா கேட்டுவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பதறிப்போய், “ஐயோ ஒண்ணுமில்லப்பா, சோறுதான் கேட்டேன், சோறுதான்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதிலிருந்து காரியம் இல்லாமல் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனி, கேம்ப்பில் தொழிலாளிகளே ஓட்டுப்போட்டு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிட்டி என்று போர்டு இருக்கிறது, அப்புறம் என்ன, பையன்கள் அந்தப் பதவிக்கு ‘மேயர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதம் ஒருமுறை மூன்று ஆபீசர்களோடும் உட்கார்ந்து பேச மேயருக்கு உரிமை உண்டு. நம் ஊரில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலே ஜெயித்துவிடலாம். அங்கே அப்படி இல்லை. பாதிக்கு மேல் வாங்க வேண்டும். யாருக்கும் பாதி வராவிட்டால், முதல் இரண்டு பேரை மட்டும் நிறுத்தி அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டு. பையன்கள் அதைச் ‘செகண்ட் ஷோ’ என்றார்கள்.

கீழக்கரை சலீம் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். கிரேன் ஆபரேட்டருக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலை அவருக்கு. கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை கிரிக்கெட் அவரால்தான் நடந்தது. எல்லா பாஷைக்காரனோடும் தோள்மேல் கைபோட்டுப் பேசுவார். நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். பீகார், நேபாளம், பங்களாதேஷ் ஆட்களும் தங்கள் பக்கம் ஆளுக்கொருவரை நிறுத்தினார்கள்.

நம்ம ஆள் பேர் கொடுத்தபோது கேம்ப்பே அதிர்ந்தது. நான் போய், “என்னண்ணே இது, உங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மாசம் ஒருக்கா அந்த மூணு பேர்கூட உக்காரலாம்ல? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஊர்ல சாவுன்னா அன்னிக்கே கையெழுத்து. வேற ஒண்ணும் வேணாம்.” அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “தட்டு தூக்கித் தூக்கிக் கை ஓஞ்சு போச்சுடா. சாப்பிட வச்சு என்ன புண்ணியம்? ஒருத்தனாவது போயி மூஞ்சியப் பாத்தான்னு நான் கேட்டுட்டு ஊருக்குப் போவணும்.”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி எப்படி ஓட்டு கேட்பது? சலீம் பிட்ச் போட்டுத் தருகிறேன், வெள்ளிக்கிழமை மட்டன் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றார். இவருக்கு ஓட்டுப்போட்டால் தன் அம்மா சாவுக்குத் தானே முன்பதிவு செய்கிற மாதிரி எல்லோருக்கும் தோன்றியது. போதாததற்கு அவர் ரூம் ரூமாகப் போகவும் முடியாது. ஒரு கதவைத் தட்டினார். உள்ளே டிவி அணைந்தது. பேச்சு நின்றது. “யாருக்கு?” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. “யாருக்கும் இல்ல, ஓட்டுக்குத்தான்” என்று வெளியே நின்றே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். பிறகு நாங்கள் சிலர்தான் அவருக்காகப் போனோம்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆபீஸ் ஆளுக்கொரு சின்னம் கொடுத்தது. சலீமுக்குக் கிரிக்கெட் பேட். இவருக்கு என்ன வந்தது தெரியுமா? தட்டு. யாரோ ஆபீசில் தெரியாமல் கொடுத்தார்கள். கேம்ப் விழுந்து விழுந்து சிரித்தது. சலீம் விடுவாரா? மெஸ் வாசலில் நின்று, “தம்பிகளா, பேட்டுக்குப் போட்டா பந்து வரும். தட்டுக்குப் போட்டா தட்டு உன் ரூமுக்கே வரும், பாத்துக்க!” என்றார். நம்ம ஆளும் அங்கேதான் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முதல் வெள்ளிக்கிழமை யாருக்கும் பாதி வரவில்லை. பேட் முதலாவது. இரண்டாவது யார் என்று எண்ணி முடித்தபோது எல்லோரும் வாயடைத்துப் போனோம். தட்டு! எங்கிருந்து வந்தன இத்தனை ஓட்டு என்று சலீமே கேட்டார். எனக்குத் தெரியும். அவர் தட்டில் சாப்பிட்டவர்கள் போட்டது. பீகார்க்காரன், நேபாளி, வங்காளி எல்லோரும் அவரவர் ஊர்க்காரனை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்து குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செகண்ட் ஷோ. மெஸ் ஹாலில் ஓட்டுப்பெட்டி. காலையிலிருந்து, மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஓட்டு. பெரிய கம்பெனிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று மூன்று ஆபீசர்களும் வந்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். வேட்பாளர்கள் இரண்டு பேரும் உள்ளேயே இருக்க வேண்டும். நம்ம ஆள் பட்டன் போனைக் கூடையில் போட மாட்டேன் என்றுவிட்டார். என்னிடம் கொடுத்து, “நீ வெளியவே நில்லுடா. அடிச்சா எடு” என்றார்.

நான் அப்போதுதான் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசை இரண்டு பிளாக் தாண்டி நின்றது. போன் அடித்தது.

“சலீமோட மச்சான் பேசுறேன், கீழக்கரையிலேர்ந்து. சலீமு போன எடுக்க மாட்டேங்குறான். உம்மா மௌத்தாயிட்டாங்க. அவன் கிளம்பி வர்றான்னா நாளைக் காலை வரைக்கும் வச்சிருக்கோம்னு ஜமாத்துல சொல்லிட்டாங்க. வர முடியலேன்னா இன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கிடணும். எதுன்னு கேட்டுச் சொல்லுங்க பாய்.”

நம் ஊருக்கு மதியம் ஒரு பிளேன் உண்டு. அதைப் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம். நான் உள்ளே போய் அவர் காதில் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணே, இப்ப போயி சொன்னா, தோத்துருவோம்னு சூழ்ச்சி பண்றான்னு சொல்லுவாங்கண்ணே” என்றேன்.

அவர் சோபாவைக் காட்டினார். “அங்க பாரு. மூணு பேரும் ஒண்ணா உக்காந்திருக்காங்க. நான் இங்க வந்த நாள்லேர்ந்து இப்படிப் பாத்ததில்ல. பிளேனும் இருக்கு. ஒருத்தன் போவலாம்டா. நெசமாவே போவலாம்!” என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சொல்லிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனார். காலையில் மிஞ்சிய குப்பூஸும் பருப்பும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்.

அவ்வளவுதான். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு, விசில். சொந்தச் சின்னத்தையே கையில் தூக்கிக்கொண்டு ஓட்டுச்சாவடிக்குள் வருகிறாரே! வெல்ஃபேர் ஆபீசர் எழுந்து கத்தினார்: “பிளேட் மாஃபி! சின்னம் மாஃபி! பாஹர் ஜாவ், பாய்!” தட்டும் கூடாது, சின்னமும் கூடாது, வெளியே போ என்று அர்த்தம்.

இவர் காதிலேயே வாங்கவில்லை. சலீம் முன்னால் போய் நின்றார். “சலீமு, சாப்பிட்டியா?”

சலீமின் ஆட்கள் கொதித்தார்கள். “எங்க ஆளுக்கே சகுனத் தடை பண்றீங்களா? தூ!” என்று ஒருவன் துப்பினான். சலீம் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். பயந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. எழுந்து நின்று ஹாலைச் சுற்றிப் பார்த்தார். “விடுங்க சார். அண்ணன் தட்டுல நானே சாப்பிடுறேன். பாருங்கடா, தட்டோட ஓட்டையெல்லாம் இன்னிக்கு நாந்தான் திங்கப்போறேன்!” என்று சொல்லிக் குப்பூஸைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் போட்டார்.

கைதட்டல். ஆபீசர்களும் சிரித்தார்கள். பெரிய கம்பெனிக்கு நல்ல போட்டோ கிடைத்தது என்று ஒருவர் படம்கூட எடுத்தார்.

“இன்னொன்னு எடுத்துக்க” என்றார் நம்ம ஆள்.

“என்னண்ணே, விட்டா ஊட்டியே விடுவீங்க போலிருக்கே!”

“பருப்பு ஊத்திக்க. வறட்டு வறட்டுன்னு திங்காத.”

சலீம் இரண்டாவதையும் எடுத்தார். சிரித்துக்கொண்டே மென்றார். மென்றுகொண்டே தற்செயலாக இவர் முகத்தைப் பார்த்தார். மெல்லுவது மெதுவாயிற்று. சுற்றிலும் இன்னும் விசில்தான். சலீமுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை போல.

“அண்ணே… சும்மாதானே?”

“தண்ணி குடி.”

“ஓட்டுக்குத்தானே வந்தீங்க? அண்ணே, ஓட்டுக்குத்தானே?”

“குடி சலீமு.”

குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. அதற்குள் சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக நின்றுகொண்டே வந்து ஹால் முழுக்க அடங்கிவிட்டது. இவர் குந்தி உட்கார்ந்து, சலீமின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க உம்மா கிளம்பிட்டாங்கப்பா” என்றார். “ஆனா நீ போயிப் பாக்கலாம். இன்னிக்கே போவலாம். கேக்குதா? காலை வரைக்கும் வச்சிருப்பாங்க. எந்திரி.”

சலீம் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் சோபாவுக்கு ஓடினார். தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கெஞ்சினார். எச்.ஆர். மேனேஜர், “சாரி, சாரி” என்றார். ஓட்டு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்துபோக முடியாதாம். பாங்கு சொன்னதும் முடியும், அதற்கு அப்புறம் ஆபீசைத் திறக்கிறோம் என்றார். ஜும்ஆ தொழுகை முடிந்து, ஆபீசைத் திறந்து, டிக்கெட் போட்டு… அதற்குள் பிளேன் போய்விடும். வரிசையில் ஆள் இருக்கும்வரை ஓட்டை நிறுத்த விதியில் இடமில்லை என்றார்.

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கதவைத் தட்டக்கூட முடியாத அந்த மனிதர் வெளியே ஓடினார். வெயிலில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போனார். “போயிடுங்கப்பா. ஓட்டு வேணாம். லைன் இருந்தா அவங்க எந்திரிக்க மாட்டாங்க. சலீமோட அம்மா… பாய், ஜாவ். ஓட் மாஃபி. கலாஸ், முடிஞ்சுது. உங்க கால்ல விழறேன், ரூமுக்குப் போங்க.” சிலர் முறைத்தார்கள். “இதுவரைக்கும் தட்டுக்குத்தான் விழுந்திருக்கும், அதான் லைனக் கலைக்கிறாரு” என்று ஒருவன் காதுபடச் சொன்னான். அவர் அவனிடமே போய், “உன் ஓட்டு பேட்டுக்குத்தானே? நீயாச்சும் போப்பா, உன்னைப் பாத்து மத்தவன் போவான்” என்று கும்பிட்டார்.

முதலில் ஒரு பீகார்க்காரன் வரிசையை விட்டு விலகினான். போன கோடையில் அவனுக்குத் தட்டு போயிருந்தது. பிறகு நேபாளிகள் கூட்டமாகப் போனார்கள். பிறகு சலீமின் ஆட்களே ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவ்வளவு பெரிய வரிசை கரைந்து, செருப்புத் தடம் பட்ட மணல் மட்டும் மிஞ்சியது.

வெல்ஃபேர் ஆபீசர் பெட்டிக்குச் சீல் வைத்தார். பேப்பர் எடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். எச்.ஆர். மேனேஜரும் போட்டார். இன்னும் ஒன்றுதான்.

சோபாவின் மூன்றாவது இடம் காலி. டீ பாதி குடித்தபடி இருந்தது. வரிசை காலியானதைப் பார்த்துவிட்டுத் தேர்தல் முடிந்தது என்று நினைத்துப் புராஜெக்ட் மேனேஜர் கிளம்பிவிட்டாராம். கேட்டில் காவலாளி சொன்னான். இப்போதுதான் கார் போனது என்றான். நம்ம ஆள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் அடங்குகிற தூசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வரிசையைக் கலைத்தது அவர்தான் அல்லவா?

போன் போட்டோம். எடுக்கவில்லை. எச்.ஆர். மேனேஜரும் போட்டார். அதற்கும் எடுக்கவில்லை. கேம்ப் பிக்கப்பில் புராஜெக்ட் மேனேஜர் வீட்டுக்கே போனோம். சலீம் நடுவில், இவரும் நானும் இரண்டு பக்கமும். வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் குடும்பத்தோடு தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே வெளியில் சாப்பிடப் போவார்கள் என்றான். எந்த இடம் என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் நிழல் இல்லை. வருகிற ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் இவர் கையை நீட்டி மறித்தார். ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். “இப்ப வந்துருவாரு சலீமு, இப்ப வந்துருவாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சலீம் வலது கையை மடிமேல் மலர்த்தி வைத்திருந்தார். பருப்பு விரல்களில் காய்ந்து வெடித்திருந்தது. கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் மச்சான் கூப்பிட்டார். சலீமே எடுத்தார். “பிளேன் போயிருச்சு மச்சான். அடக்கிடுங்க” என்றார். பிறகு வீடியோவில் காட்டினார்கள். பிக்கப்பின் முன்சீட்டில் மூன்று பேரும் ஒரு சின்னத் திரையைப் பார்த்தோம். வெயில் வெளிச்சத்தில் பாதி தெரியவில்லை. சலீம் சட்டையைக் கழற்றித் திரைமேல் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது.

மறுநாள் பெட்டியைத் திறந்தார்கள். விழுந்த வரைக்கும் எண்ணினார்கள். காலையில் முதலில் வந்தவர்கள் கிரிக்கெட் பையன்கள் அல்லவா? பேட் ஜெயித்தது. சலீம் மேயர்.

மாலை போட்டுப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது சலீம் போகவில்லை. ஆனால் பதவியை விடவில்லை. மாதாமாதம் போய் உட்கார்ந்தார். பிட்ச் கேட்கவில்லை, பிரியாணி கேட்கவில்லை. நம்ம ஆள் கேட்க நினைத்த அந்த ஒன்றையே கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நான் வேறு கம்பெனிக்கு மாறிப்போகும்வரை அது பரிசீலனையில்தான் இருந்தது. பட்டன் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தட்டும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்குச் சலீமிடம் அவர் சொன்ன “போயிப் பாக்கலாம்” என்ற வார்த்தையை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

நான் மாறுவதற்கு முன்னாலேயே அவர் ஊருக்கே திரும்பிப் போன நாளையும் சொல்லி முடித்துவிடுகிறேன். விசா முடிந்து, கம்பெனி புதுப்பிக்கவில்லை. கேட்டில் ஏர்போர்ட் பஸ் நின்றது. நாங்கள் சிலர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தோம். மெஸ் பக்கமிருந்து சலீம் ஓடி வந்தார். கையில் தட்டு. சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தார். “அண்ணே, பிளேன்ல ஒண்ணும் சரியா தரமாட்டான். சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார். தட்டை வாங்கிக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிராமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தண்ணீரைக் குடித்தார். பிறகு சலீமின் முகத்தைப் பார்த்து, “சொல்லு. யாரு?” என்றார்.

“யாருமில்லண்ணே! சோறுதான். அல்லா மேல ஆணையா சோறுதான்ணே!” சலீம் அழுதேவிட்டார்.

அவர் நம்பவில்லை. பொண்டாட்டிக்குப் போன் போட்டார். பஸ் கேட்டைத் தாண்டி வளைகிறவரை ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, “இருக்கானா? பக்கத்துல இருக்கானா? போனக் குடு, ஒரு வார்த்தை பேசச் சொல்லு” என்று கேட்டுக்கொண்டே போனார்.